பெயரைத் துடைத்துத் தருகிறோம் என்ற சேவைக்கு ஐந்துக்கு ஒன்று

"மேடம், இருபது நாள் கொடுங்க. உங்க பேரைத் தேடினா அந்தப் பதிவு முதல் பக்கத்துல இருக்காது."

நற்பெயர் மீட்புச் சேவை தரும் நிறுவனத்திலிருந்து பேசியவர் எடுத்த எடுப்பில் சொன்னது இது. அப்போது நான் இருந்த நிலையில் இதைவிட இனிப்பான வார்த்தை வேறு கிடையாது. அன்றைக்கே முன்பணம் கட்டினேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி, பிரித்துச் சுத்தம் செய்து, மறுபடி விற்பது என் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறேன். கடை கிடையாது. வீட்டில் ஒரு மேசை, ஒரு விளக்கு, இணையத்தில் ஒரு விற்பனைப் பக்கம், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்காதவர்கள் என் எழுத்தை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். "கண்ணாடி சுத்தம், ஃபங்கஸ் இல்லை" என்று நான் எழுதினால் அவர்களுக்கு அதுதான் உத்தரவாதம். (ஃபங்கஸ் என்பது லென்ஸ் கண்ணாடியில் படரும் பூஞ்சை.) அதனால்தான் "இந்தப் பெண் மோசடிப் பேர்வழி, யாரும் பணம் அனுப்பாதீர்கள்" என்ற தலைப்பைப் பார்த்தபோது உடம்பெல்லாம் நடுங்கியது. கீழே என் பெயர், என் பக்கத்தின் முகவரி, என் படம்.

பதிவில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. சுத்தம் என்று சொல்லி ஃபங்கஸ் பிடித்த லென்ஸை அனுப்பினேன். கேட்டதும் அவர் எண்ணைத் தடை செய்தேன். இதுபோல் பலரை ஏமாற்றியிருக்கிறேன். எழுதியவர் என்னிடம் 50 எம்எம் லென்ஸ் ஒன்று வாங்கியவர். இரண்டு நாளில் வேறு சிலர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டார்கள். ஆர்டர்கள் நின்றன. ஆறு வருடமாக வாங்கும் ஒரு தம்பி, "அக்கா, இது உண்மையா?" என்று மட்டும் கேட்டு அனுப்பியிருந்தான். அந்தச் செய்திக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு இரவு முழுக்க விழித்திருந்தேன்.

இந்த நிலையில் ஒருவர் எந்தச் சேவையை வாங்குவார் என்று நினைக்கிறீர்கள்? சீக்கிரம் அழித்துத் தருகிறேன் என்பவரைத்தான் நாடுவார். நானும் அதைத்தான் செய்தேன்.

முதலில் அவர்கள் செய்த நல்ல காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவு எங்கெங்கே நகலாகியிருக்கிறது என்று தேடி ஓர் அறிக்கை தந்தார்கள். ஏழு இடம். அதில் நான்கை நானே பார்த்திருக்கவில்லை. ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான். மற்றபடி அவர்கள் முன்வைத்தது மூன்று வழிகள்.

முதல் வழி, எனக்கு ஆதரவாக முப்பது விமர்சனங்கள் எழுதுவது. "பழைய விற்பனைப் பட்டியல் அனுப்புங்க மேடம், அதை வச்சு இயல்பா எழுதிடுவோம்" என்றார்கள். வாங்காதவர்கள் வாங்கியதாக எழுதுவார்கள், அதற்கு என் உண்மையான வாடிக்கையாளர்களின் ஆர்டர் விவரம் வேண்டுமாம். இப்படிப் போலி விமர்சனங்களை விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் தடை செய்து அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்த விதி 2024 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. விதி இல்லாத ஊராகவே இருந்தாலும், மோசடிக்காரி என்ற பழிக்குப் பதிலாக மோசடி செய்வது என்னால் முடியாது. வேண்டாம் என்றேன்.

இரண்டாவது வழி கேட்கவே விசித்திரமாக இருந்தது. லென்ஸ் வாங்கியவர் எழுதிய பதிவை அப்படியே நகலெடுத்து, வேறொரு தளத்தில் பழைய தேதி போட்டு ஏற்றுவார்கள். பிறகு "எங்கள் எழுத்தைத் திருடிவிட்டார்" என்று பதிப்புரிமைப் புகார் கொடுத்து, அசல் பதிவையே தேடலிலிருந்து தூக்க வைப்பார்கள். இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீக்கச் சொல்லி வரும் புகார்களைச் சேர்த்து வைக்கும் லூமன் என்ற தரவுத்தளம் 2002லிருந்து இருக்கிறது. கூகுள் போன்ற நிறுவனங்கள் தங்களுக்கு வரும் நீக்கல் புகார்களை அங்கே அனுப்புகின்றன. ஆராய்ச்சி செய்பவர்களும் செய்தியாளர்களும் அங்கே தேடித்தான் இப்படிப் பின்தேதியிட்ட போலிப் புகார்களை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். அதாவது என் பெயரைத் துடைக்கிறேன் என்று அவர்கள் செய்யவிருந்தது, என் பெயரை இன்னொரு ஏட்டில் ஏற்றி வைக்கும் வேலை.

மூன்றாவது வழி மிரட்டல் கடிதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு நான் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன்.

கடிதத்தின் வரைவு மறுநாளே வந்துவிட்டது. என்னிடம் ஒரு ரசீது கேட்கவில்லை, ஒரு படம் கேட்கவில்லை. முதல் நாள் தொலைபேசியில் கோபத்தில் நான் கொட்டியதை அப்படியே சட்ட மொழியில் எழுதியிருந்தார்கள். "எங்கள் கட்சிக்காரர் அனுப்பிய சுத்தமான லென்ஸைப் பெற்றுக்கொண்டு, அதற்குப் பதிலாகத் தங்களிடமிருந்த பழுதான லென்ஸை வைத்துப் படம் எடுத்து, பணம் பறிக்க முயன்றுள்ளீர்கள்." இதையே கொஞ்சம் மாற்றி என் விற்பனைப் பக்கத்தில் பொது அறிவிப்பாகவும் போடச் சொன்னார்கள். நான் "சரி" என்று பதில் அனுப்பினால் இரண்டும் போய்விடும்.

என் மகள் அதை வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, அவர் லென்ஸை மாத்தினார்னு உங்களுக்குத் தெரியுமா, இல்ல அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். "அந்தப் பதிவை எடுக்கச் சொல்லி யார்கிட்டயும் கேக்காதீங்க. முதல்ல அதைப் பத்திரப்படுத்துங்க. நாளைக்கு அவரே அழிச்சிட்டா உங்ககிட்ட என்ன இருக்கும்?"

இங்கேதான் இரண்டாவது சேவை வருகிறது. இதற்குப் பணம் கிடையாது. இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷின். 1996ல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு அது. 2001லிருந்து வேபேக் மெஷின் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பக்கத்தைச் சேமிக்கும் பெட்டியில் முகவரியைப் போட்டால், அந்த நொடியில் அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்கும். கைபேசியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இந்த நகலை நானும் திருத்த முடியாது, அவரும் திருத்த முடியாது.

சேமித்த நகலின் முகவரியை உற்றுப் பாருங்கள். நடுவில் பதினான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் நான்கு வருடம், அடுத்த இரண்டு மாதம், பிறகு நாள், மணி, நிமிடம், நொடி. நான் முதலில் பார்த்தபோது என் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த நேரமும் அதில் இருந்த நேரமும் பொருந்தவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பதறிப்போனேன். தப்பு எதுவும் இல்லை. அந்த எண் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் கடிகார நேரத்தில் இருக்காது. உங்கள் ஆவணங்களில் நேரம் எழுதும்போது எந்த நேரம் என்று கூடவே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு கைவைக்கும் முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

குறையும் உண்டு. உள்நுழைந்தால்தான் தெரியும் பக்கங்களை அது பிடிக்காது. ஏழு நகல்களில் மூன்று அப்படிப்பட்ட இடங்களில் இருந்தன. அவற்றுக்கு முகவரிப் பட்டையிலிருந்து தொடங்கி பக்கத்தின் அடிவரை மெதுவாக நகர்த்தித் திரையையே வீடியோவாகப் பதிவு செய்தோம். தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் சேமித்த நகலையும் அவர்கள் நீக்கக்கூடும், ஆகவே அதை மட்டுமே நம்பியும் இருக்கக் கூடாது. இருந்தாலும் ஐந்துக்கு ஐந்து. நீதிமன்றத்துக்குத் தேவை என்றால் உறுதிமொழிப் பத்திரம் தருவதற்கே அவர்களிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. யார் பக்கமும் சாயாமல் எடுத்து வைக்கும் ஒரு சாட்சி அந்த வாரத்தில் எனக்கு வேறு யாரும் இல்லை.

பதிவைப் பத்திரப்படுத்திய கையோடு என் பக்கத்து ஆதாரங்களையும் எடுக்க உட்கார்ந்தோம். விற்பனைக்குப் போட்ட படங்களின் அசல் கோப்புகள் கேமரா அட்டையில் இருந்தன, எடுத்த தேதியோடு. (வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தேதி விவரம் போய்விடும். அசலை ஒருபோதும் அழிக்காதீர்கள்.) அவரோடு பேசிய செய்திகள், அழைப்புப் பட்டியல், அனுப்பிய ரசீது எல்லாம் கிடைத்தன. நான் அவர் எண்ணைத் தடை செய்யவே இல்லை. அவர் புகார் சொன்ன பிறகும் இரண்டு முறை நானே அழைத்திருக்கிறேன். மனசு கொஞ்சம் லேசானது.

கடைசியாகப் பெட்டி கட்டும் வீடியோ. ஒவ்வொரு லென்ஸையும் சுற்றிக் கட்டும்போது பதிவு செய்வது என் வழக்கம். அதில் ஓர் இடத்தில் லென்ஸின் முன்வளையம் கேமராவைப் பார்த்துத் திரும்புகிறது. வளையத்தைச் சுற்றி வெள்ளை எழுத்தில் வரிசை எண். மகள் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினாள். நான் விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்த எண் 47 என்று முடியும். திரையில் இருந்தது 74.

என்னிடம் அதே மாடலில் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. ஒன்று சுத்தம் செய்து விற்பனைக்கு வைத்தது. இன்னொன்று உதிரி பாகங்களுக்காகத் தனியே எடுத்து வைத்தது. பெட்டிகளின் மேல் நான் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும்தான் எழுதுவேன். அலமாரியைத் திறந்தேன். 47 என்று எழுதிய பெட்டி அங்கேயே இருந்தது. லென்ஸை எடுத்துப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபங்கஸ் இருந்தால் கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கிளைகள் பரவித் தெரியும். இதில் ஒரு நூல்கூட இல்லை. அவர் பணம் கொடுத்து வாங்கிய லென்ஸ் என் கையில் இருந்தது.

அவர் அனுப்பிய படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அந்தக் கிளைகள், அந்த ஓரத்துக் கீறல், எல்லாம் எனக்குத் தெரிந்த லென்ஸ். இதே படத்தை அவர் முதல் நாள் அனுப்பியபோது நான் எழுதிய பதில் என் கைபேசியிலேயே இருக்கிறது: "லென்ஸை மாற்றி வைத்துக்கொண்டு என்னிடம் பேசாதீர்கள்." அவர் ஊரறிய என்னை மோசடிக்காரி என்று சொல்வதற்கு முன்னால், நான் அவரைத் தனியாகத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கடிதத்துக்கு நான் "சரி" என்று அனுப்பியிருந்தால்? அந்தப் பொது அறிவிப்பைப் போட்டிருந்தால்? அவதூறு செய்தவள் நானாக இருந்திருப்பேன். அதற்கு ஆதாரமும் என் வீடியோவிலேயே இருந்திருக்கும்.

மூன்றாவது சேவை, காணொளி வழியாக ஒரு வழக்கறிஞரிடம் முக்கால் மணி நேர ஆலோசனை. ஐந்துக்கு நான்கு. நேரம் கிடைக்க ஐந்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. நெருப்பு பிடித்திருக்கும்போது ஐந்து நாள் மிக நீளம். மற்றபடி அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் முதலில் கேட்டது: "இதுல எது உண்மை, எது பொய், எது அவரோட கருத்து? மூணையும் தனித்தனியா பிரிச்சு எழுதுங்க." லென்ஸில் ஃபங்கஸ், உண்மை. நான் தடை செய்தேன் என்பது பொய். "இவரிடம் வாங்குவது வீண்" என்பது கருத்து, அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. "மோசடி" என்ற சொல்லிடம் வந்தபோது நிதானமாக விளக்கினார். மோசடி என்றால் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும். தவறான பொருள் போய்ச் சேர்ந்தது மட்டும் மோசடி ஆகாது. ஆனால் தவறான பொருளைப் பெற்றவர், கேட்டதற்குத் திருடன் என்ற பதிலும் பெற்றவர், அதை மோசடி என்று நம்பியதில் வியப்பில்லை.

வழக்கு போடலாமா என்று கேட்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்றார். அமெரிக்காவில் 1996ல் வந்த கம்யூனிகேஷன்ஸ் டீசென்சி சட்டத்தின் 230வது பிரிவின்படி, பிறர் எழுதியதற்குத் தளத்தைப் பொதுவாகப் பொறுப்பாக்க முடியாது. இங்கிலாந்தின் 2013 அவதூறுச் சட்டம் நற்பெயருக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்ததை, அல்லது நேரக்கூடும் என்பதைக் காட்டச் சொல்கிறது. இந்தியாவில் அவதூறு இன்னமும் குற்றவியல் சட்டத்திலும் இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவு. எந்த நாடாக இருந்தாலும் பாதி உண்மையான ஒரு குற்றச்சாட்டின் மேல் வழக்கு போட்டால், அந்தப் பாதி உண்மை தீர்ப்பிலேயே பதிவாகிவிடும் என்றார். லண்டனில் தன்னைக் குறைகூறிய ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக மெக்டொனால்ட்ஸ் இரண்டு பேர் மேல் தொடுத்த வழக்கை நினைவுபடுத்தினார். 313 நாள் விசாரணை. 1997ல் தீர்ப்பு வந்தபோது நிறுவனம் நஷ்டஈடு வென்றது. ஆனால் பிரசுரத்தில் இருந்த சில விஷயங்கள் உண்மைதான் என்று அதே நீதிபதி எழுதினார்.

அழிக்க முயல்வது பற்றியும் ஒன்று சொன்னார். கலிபோர்னியா கடற்கரையைப் பதிவு செய்யும் 12,000க்கும் மேற்பட்ட படங்களில் தன் வீடும் இருக்கிறது என்று 2003ல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 5 கோடி டாலர் கேட்டு வழக்கு போட்டார். அதுவரை அந்தப் படம் பதிவிறக்கப்பட்டது ஆறே தடவை, அதில் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள் செய்தது. வழக்குச் செய்தி பரவிய பின் ஒரே மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்கு வந்தார்கள். அது அந்தரங்கம் பற்றிய வழக்கு, அவதூறு இல்லை. ஆனாலும் என் மிரட்டல் கடிதத்தை லென்ஸ் வாங்கியவர் அப்படியே பதிவேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

அன்று மாலை முதலில் லென்ஸ் வாங்கியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினேன். "நீங்கள் சொன்னது சரி. தவறான லென்ஸை அனுப்பியது நான். உங்களைச் சந்தேகப்பட்டுப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள்." பணத்தை முழுதாகத் திருப்பி அனுப்பினேன், லென்ஸைத் திருப்பி அனுப்பும் செலவோடு. அதன்பிறகுதான் அவருடைய பதிவுக்குக் கீழே பதில் எழுதினேன். அந்தப் பதிலை மூன்று முறை திருத்தினேன். முதல் வரைவில் என் மனவேதனை பாதி இடத்தை அடைத்திருந்தது, அதை எடுத்துவிட்டேன். அவர் பெயரை எங்கேயும் குறிப்பிடவில்லை. மிஞ்சியது இதுதான்:

"ஃபங்கஸ் இருந்த லென்ஸ் என்னிடமிருந்து போனது உண்மை. இரண்டு பெட்டிகளை மாற்றி எடுத்துவிட்டேன், வரிசை எண்ணும் வீடியோவும் இதோ. முழுப் பணமும் இன்று திருப்பியாயிற்று. இவரிடம் நான் கடுமையாகப் பேசியது தவறு, அவரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எண்ணைத் தடை செய்தேன் என்பது சரியல்ல, அழைப்புப் பட்டியல் இதோ. வேறு யாரையாவது நான் ஏமாற்றியிருந்தால் ஆர்டர் எண்ணோடு எழுதுங்கள், இங்கேயே பதில் சொல்கிறேன்."

ஆர்டர் எண்ணோடு ஒருவரும் வரவில்லை. நான்காம் நாள் அவரே தலைப்பை மாற்றினார்: "தவறான லென்ஸ் வந்தது, பணம் திரும்பக் கிடைத்தது." "என்னைத் தடை செய்தார்" என்ற வரியையும் "பலரை ஏமாற்றினார்" என்ற வரியையும் எடுத்துவிட்டார். மற்ற பதிவு முழுக்க அப்படியே இருக்கிறது. நகல் போட்ட ஏழு இடங்களில் மூன்றில் திருத்தினார்கள். இரண்டு பேர் பதிலே தரவில்லை, மற்ற இரண்டு பக்கங்கள் யாரும் கவனிக்காமல் கிடக்கின்றன. அவற்றில் இன்னும் நான் மோசடிப் பேர்வழிதான். நற்பெயர் நிறுவனத்திடம் முன்பணத்தைக் கேட்டேன். "வேலை தொடங்கியாச்சு மேடம்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

அந்தத் தம்பிக்கு, "பாதி உண்மை, வந்து வாசித்துப் பார்" என்று இணைப்பை அனுப்பினேன். அடுத்த மாதம் ஒரு 135 எம்எம் லென்ஸ் வாங்கினான். ஆர்டரில் குறிப்பு எழுதும் இடத்தில் வரிசை எண் முழுவதையும் எழுதியிருந்தான்.

இப்போது பெட்டிகளின் மேல் முழு எண்ணையும் எழுதுகிறேன். அவருடைய பதிவின் இரண்டு வடிவமும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும், வேபேக் மெஷினில் இருக்கின்றன. இரண்டுக்கும் என் விற்பனைப் பக்கத்தின் அடியில் இணைப்பு கொடுத்திருக்கிறேன்.